பெயிண்டுக்குள் ஒளிந்திருக்கும் திருடன்! பழைய வண்டி வீடு வாங்கும் அமெரிக்கர்கள் உஷார்

கொஞ்சப் பணத்தில் ஜோராக மாற்றலாம் - ஆனால் முதலில் கூரை, பிறகுதான் குஷன்!

வெளியே பார்த்தால் பளபள. கதவைத் திறந்தால் புதுப் பெயிண்ட் வாசனை. ஆறு மாதம் கழித்து மூலையில் விரல் வைத்து அமுக்கினால், விரல் சுவருக்குள்ளே போய்விடுகிறது!

அமெரிக்காவில் பழைய "டிராவல் டிரெய்லர்" வாங்கும் ஏழை எளியவர்கள் பலருக்கு நேருகிற கதி இது.

உளுத்துப் போன பலகைக்கு மேலே பெயிண்ட் அடித்து, புதுத் திரை மாட்டி, யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வாங்கியவர் தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறார்.

அதே நாட்டில், விவரம் தெரிந்தவர்கள் 40 வருடத்துப் பழைய வண்டியைக்கூட சொற்பப் பணத்தில் புது வீடு மாதிரி ஆக்கிவிடுகிறார்கள்.

இரண்டு பேரும் அடிப்பது ஒரே பெயிண்ட்தான். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

அதன் விவரம் வருமாறு:-

இழுத்துப் போகும் வீடு

நம் ஊரில் "கேரவன்" என்றால் சினிமா நட்சத்திரங்கள் மேக்கப் போடும் ஏ.சி. வண்டி. அமெரிக்காவில் அது சாதாரண ஜனங்களின் சமாச்சாரம்.

டிராவல் டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது. காருக்கோ, "பிக்-அப்" வண்டிக்கோ பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போக வேண்டும். அகலம் சுமார் 8 அடி. நீளம் 15 அடியும் இருக்கும், 30 அடியும் இருக்கும்.

அதற்குள்ளேயே அடுப்பு, ஐஸ் பெட்டி, அலமாரி, கக்கூஸ் எல்லாம் அடக்கம். பகலில் சாப்பாட்டு மேஜை. ராத்திரி அந்த மேஜையை இறக்கி குஷனைப் போட்டால் அதுவே கட்டில்!

இண்டியானா மாநிலத்தில் எல்கார்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது. அமெரிக்காவில் ஓடும் வண்டி வீடுகளில் பெரும்பாலானவை அந்த ஊரிலும் அதன் சுற்று வட்டாரத்திலும் செய்தவைதான். சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி, எல்கார்ட்டுக்கு வண்டி வீடு.

1950, 60-களில் அமெரிக்கர்களுக்கு இந்த வண்டி மீது பைத்தியமே பிடித்திருந்தது. லீவு விட்டால் போதும், குடும்பத்தோடு கிளம்பி விடுவார்கள்.

1973-ம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் சப்ளையை நிறுத்தின. பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் மைல் கணக்கில் நின்றன. வண்டி வீட்டு வியாபாரம் படுத்துவிட்டது. பல கம்பெனிகள் கதவை மூடின.

அந்தக் காலத்து வண்டிகள் பல, இன்றும் கொல்லைப்புறங்களில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கின்றன. சில நூறு டாலருக்கும் சில ஆயிரம் டாலருக்கும் கை மாறுகின்றன.

வாடகை கட்ட முடியாதவர்கள்

உல்லாசப் பயணம் போகிறவர்கள் மட்டும்தான் இதை வாங்குகிறார்கள் என்று நினைத்தால் தப்பு.

வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள், வேலை போனவர்கள், சம்பாத்தியம் நின்றுபோன வயதானவர்கள், இவர்களுக்கெல்லாம் பழைய வண்டிதான் கடைசிக் கூரை.

வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராக வேலை தேடிப் போகும் முதியவர்களின் கதையைத்தான் "நோமாட்லேண்ட்" என்ற படம் காட்டியது. 2020-ல் வந்த அந்தப் படத்துக்கு 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசு கிடைத்தது.

இப்படிப்பட்டவர்கள் கையில் இருப்பதே கொஞ்சம் காசு. அதையும் தப்பான இடத்தில் போட்டால் நடுத்தெருதான்.

1,000 டாலர் தம்பதி

ஒரு உதாரணம் பார்ப்போம்.

ஒரு கணவன், மனைவி, ஒரு பெண் குழந்தை என்று வைத்துக் கொள்வோம். கணவர் லாரி டிரைவர். மனைவி கடையில் பில் போடுபவர். 1970-களில் செய்த ஒரு வண்டியை வாங்கி விட்டார்கள். வண்டிக்குக் கொடுத்தது போக கையில் மீதி 1,000 டாலர்.

உள்ளே நுழைந்தால் இருட்டு. சுவர் பூராவும் கறுப்பு மரக் கலர் பலகை. ஐஸ் பெட்டி பாசிப்பச்சை. தரையில் ஜடை ஜடையாக ஆரஞ்சு கம்பளம். குஷன்களில் காவிக் கலர் பூ.

1970-களில் இதுதான் அங்கே பேஷன்! 1980, 90-களில் செய்த வண்டியாக இருந்தால் ஜன்னலுக்கு மேலே குஞ்சம் வைத்த துணிப் பட்டை, ஊதாப் பூ போட்ட சுவர்க் காகிதம், பித்தளைக் கலர் கைப்பிடி என்று இருக்கும்.

"முதல்ல இந்தக் குஷனைத் தூக்கி எறியணும். பார்க்கவே சகிக்கலே" என்கிறார் மனைவி.

அங்கேதான் ஆபத்து! பலர் தொடங்குவது குஷனில்தான், திரையில்தான். உண்மையான எதிரியோ தலைக்கு மேலே இருக்கிறான்.

சுவருக்குள் திருடன்

அந்த எதிரியின் பெயர் தண்ணீர்.

பழைய வண்டியின் உடம்பு எப்படி? மெல்லிய மரச் சட்டங்கள். வெளியே தகடு மாதிரி அலுமினியம். உள்ளே ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கனமே உள்ள பிளைவுட். நடுவில் குளிர் தாங்கக் கண்ணாடிப் பஞ்சு.

அலுமினியத் தகடுகள் சேரும் இடம், ஜன்னல் ஓரம், கூரையில் காற்றுப் போக்கி வைத்த ஓட்டை, இங்கெல்லாம் பட்டி மாதிரி ஒரு பசையை வைத்து அடைத்திருப்பார்கள். வருஷம் ஆக ஆக வெயிலிலும் பனியிலும் அந்தப் பசை காய்ந்து வெடித்து விடும்.

ஊசி முனை ஓட்டை போதும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டு சட்டத்தை ஊற வைக்கும். மரம் அவல் மாதிரி ஆகிவிடும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது!

கண்டுபிடிக்க என்ன வழி?

மூலைகள், ஜன்னலுக்குக் கீழே, மேல் அலமாரிக்கு உள்ளே, கட்டிலுக்கு அடியில் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்து மெத்தென்றால் உளுத்து விட்டது என்று அர்த்தம். டீ கொட்டிய மாதிரி கறை இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கதவோரமும் கக்கூஸ் பக்கமும் நடந்து பார்க்க வேண்டும். தரை அமுங்கக் கூடாது.

கூரையில் ஏறி ஒவ்வொரு சேர்மானத்திலும் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பசை வைக்க வேண்டும். ஜன்னல்களைக் கழற்றி, விளிம்பில் "பூட்டைல்" என்ற ரப்பர் டேப்பை ஒட்டி, திரும்ப முடுக்க வேண்டும். சிலிக்கான் பசை வேண்டவே வேண்டாம் என்கிறார்கள் அனுபவசாலிகள். அது ஒருமுறை ஒட்டிய இடத்தில் அப்புறம் எந்தப் பசையும் பிடிக்காது.

எலி செய்யும் கொலை

வருஷக் கணக்கில் மூடிக்கிடந்த வண்டியில் எலி குடித்தனம் நடத்தியிருக்கும். அலமாரிக்குள் எலிப் புழுக்கை கிடந்தால் உடனே துடைப்பத்தை எடுக்கக் கூடாது!

அமெரிக்காவில் ஒரு வகைக் காட்டு எலியின் புழுக்கை, மூத்திரம் மூலம் "ஹண்டா வைரஸ்" பரவுகிறது. தூசி பறந்து மூக்கில் ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து ஆளையே முடித்து விடும். 1993-ல் நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கத்தில் இளம் வயதினர் பலர் திடீர் திடீரென்று செத்தபோதுதான் அங்கே இந்த நோய் அடையாளம் தெரிந்தது.

ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டு, கையுறை போட்டு, பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊற வைத்து, பிறகு துணியால் துடைத்து எடுக்க வேண்டும். கூட்டவே கூடாது.

புயல் வண்டியில் விஷக் காற்று

வண்டி வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது பெரிய ஊழலாகவே வெடித்தது.

2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் "காத்ரீனா" புயல் அடித்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரம் தண்ணீரில் மூழ்கியது. வீடு இழந்தவர்களுக்காக அமெரிக்க சர்க்கார் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டி வீடுகளை வாங்கிக் கொடுத்தது.

கொஞ்ச நாளில் கண் எரிகிறது, மூக்கில் ரத்தம் வருகிறது, மூச்சுத் திணறுகிறது என்று ஜனங்கள் கூப்பாடு போட்டார்கள்.

சர்க்காரின் நோய்த்தடுப்பு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 வண்டிகளைச் சோதித்தது. "பார்மால்டிஹைடு" என்ற விஷ வாயு, சாதாரண வீடுகளில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தது! மரத்தூள் பலகையையும் பிளைவுட்டையும் ஒட்டிய பசையில் இருந்து அது கசிந்து கொண்டிருந்தது.

"இது குடியிருக்க அல்ல" என்று ஸ்டிக்கர் ஒட்டி, பிறகு அந்த வண்டிகளை ஏலம் விட்டார்கள். வாங்கிய வியாபாரிகள் சிலர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு வீடு என்றே விற்றார்கள். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கொட்டியபோது, அதை அள்ள வந்த தொழிலாளிகள் இதே வண்டிகளில் தங்கியிருந்தது வெளியே வந்து பரபரப்பு ஆனது.

அதே 2010-ல் பலகைப் பசைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி முத்திரை குத்திய பலகையைத்தான் வண்டிக்குள் போட வேண்டும். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று பழைய மரத்தூள் பலகையை வாங்கி அலமாரி செய்தால், விஷத்தை நாமே விலை கொடுத்து வாங்கின மாதிரி.

கேஸ் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

பழைய வண்டியில் அடுப்பு, ஹீட்டர், ஐஸ் பெட்டி மூன்றுமே கேஸில் ஓடும். ஹீட்டரின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டால் "கார்பன் மோனாக்சைடு" உள்ளே தங்கிவிடும். நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குகிறவர்கள் தூங்கினபடியே போய்விடுவார்கள்.

குளிருக்கு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் படுப்பது தற்கொலைக்குச் சமம்.

அந்த வாயுவுக்கு அலாரம் ஒன்று, கேஸ் கசிவுக்கு ஒன்று, புகைக்கு ஒன்று, தீயணைப்பான் ஒன்று. இவை நான்கும் இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்கக் கூடாது. கேஸ் காற்றைவிடக் கனம். அதனால் கேஸ் அலாரத்தைத் தரையை ஒட்டித்தான் மாட்ட வேண்டும். அலாரங்களுக்கும் ஆயுள் உண்டு. பின்னால் போட்டிருக்கும் தேதி முடிந்தால் மாற்றிவிட வேண்டும்.

இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பது நம் வீட்டில் செய்வதுதான். குமிழி வந்தால் கசிவு!

கட்டில் பக்கத்து ஜன்னல் ஒன்று, தீப்பிடித்தால் தப்பி ஓடுவதற்காக வைத்தது. அதைப் பெயிண்ட் அடித்து ஒட்டவைத்து விடுகிறார்கள். அதற்கு எதிரே அலமாரி அடிக்கிறவர்களும் உண்டு.

பெயிண்ட் வேலை

இவ்வளவும் ஆன பிறகுதான் அழகு.

சுவர்ப் பலகையின் மேலே வழவழ என்று பிளாஸ்டிக் மாதிரி ஒரு மேல்தோல் இருக்கும். அதன் மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் தோசை மாதிரி உரிந்து வந்துவிடும். முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். மெல்லிய உப்புக் காகிதத்தால் லேசாகத் தேய்க்க வேண்டும். பிறகு பிடிமானத்துக்கு ஒரு கை பிரைமர். அது காய்ந்த பின் மெல்லிசாக இரண்டு கை பெயிண்ட். வெள்ளையோ, சந்தன நிறமோ அடித்தால் 8 அடி வண்டியே பெரிசாகத் தெரியும்.

அமெரிக்காவில் 1978-ல்தான் ஈயம் கலந்த பெயிண்டை வீட்டு உபயோகத்துக்குத் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய வண்டியில் பழைய பெயிண்ட் இருந்தால், சோதித்துப் பார்க்காமல் தேய்க்கக் கூடாது. குழந்தை இருக்கிற வீட்டில் ஈயத் தூசி ஆகாது.

அலமாரிக் கதவுகளைக் கழற்றி நம்பர் போட்டு அடித்தால், திரும்ப மாட்டும்போது குழப்பம் இல்லை. புதுக் கைப்பிடி போட்டாலே பாதி அழகு வந்துவிடும்.

பலகையில் நீள ஸ்க்ரூ முடுக்கினால் பின்னால் ஓடும் ஒயரைக் குத்திவிடும். கனமான தட்டு மாட்டுவதானால் உள்ளே சட்டம் இருக்கிற இடம் பார்த்துத்தான் முடுக்க வேண்டும். வெறும் பிளைவுட்டில் ஸ்க்ரூ நிற்காது.

தரைக்கு வினைல் விரிப்புதான் சிக்கனம். நடக்கிற இடம் கொஞ்சம்தான். கம்பளக் கடையில் மிச்சம் விழுந்த துண்டே போதும். பழைய வினைல் ஓட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதனால் சந்தேகம் இருந்தால் பெயர்க்காமல், அதன் மேலேயே விரித்துவிடுவது நல்லது.

பழைய 12 வோல்ட் பல்பு ஒன்று சுமார் 18 வாட் இழுக்கும். எல்.இ.டி. போட்டால் இரண்டு, மூன்று வாட்தான். பேட்டரி ராத்திரி பூராவும் நிற்கும்.

குஷனில் விலை அதிகம் பஞ்சுக்குத்தான். பழைய மெத்தையை அறுத்து அளவாக்கிக் கொள்கிறார்கள். பெயிண்டர்கள் தரையில் விரிக்கும் கெட்டித் துணியைத் துவைத்து உறை தைத்துவிடுகிறார்கள். திரைக்குப் படுக்கை விரிப்பே போதும். அடுப்புப் பக்கம் மட்டும் தொங்கக் கூடாது.

கல் சேர்த்த மனைவி

1954-ல் "தி லாங், லாங் டிரெய்லர்" என்று ஒரு சிரிப்புப் படம் வந்தது. லூசில் பால், டெசி ஆர்னாஸ் நடித்தது. போகிற ஊரில் எல்லாம் மனைவி ஞாபகார்த்தமாகக் கல் பொறுக்கி வண்டிக்குள் சேர்ப்பாள். எறியச் சொன்ன கணவனுக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பாள். மலை ஏறும்போது கல்லும் பாட்டிலும் உருள, இருவரும் நடுங்கிப் போவார்கள்.

சினிமாவில் சிரிக்கலாம். ரோட்டில் உயிர் போய்விடும்.

வண்டியின் மேலே ஒரு தகட்டில் அதிகபட்ச எடை பொறித்திருக்கும். கிரானைட் மேடை, பீங்கான் ஓடு என்று ஆசைப்பட்டால் எடை தாண்டிவிடும். ஓடும் நிற்காது. ஒவ்வொரு பயணமும் வண்டிக்கு ஒரு பூகம்பம் மாதிரி!

மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு முன் கொக்கியில் விழ வேண்டும். பின்பக்கம் கனத்தால் வண்டி பாம்பு மாதிரி வாலை ஆட்டும். இழுக்கும் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

டயரையும் விடக்கூடாது. பக்கவாட்டில் உள்ள கடைசி 4 நம்பர், டயர் செய்த வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் வயதான டயர் வெடிக்கும்.

மோசடி வியாபாரியைப் பிடிப்பது எப்படி?

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை:-

உள்ளே எல்லாம் புதுசு, கூரை மட்டும் பழசு என்றால் சந்தேகப்பட வேண்டும்.

அலமாரிக்கு உள்ளே, மெத்தைக்கு அடியே பெயிண்ட் அடிக்க மாட்டார்கள். அங்கேதான் கறை காட்டிக் கொடுக்கும்.

வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால், பூஞ்சை நாற்றத்தை மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

வண்டியின் நம்பரும் பத்திரத்தில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்பர் தகடு சுரண்டப்பட்டிருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம்.

முடிந்தால் மழை பெய்யும் நாளில் போய்ப் பார்க்க வேண்டும். மழை பொய் சொல்லாது.

பணம் எப்படிப் பங்கானது?

நம் தம்பதி கடைசியில் போட்ட கணக்கு இதுதான்:-

கூரைப் பசை, ஜன்னல் டேப் - 200 டாலர்.
உளுத்த இடத்துக்குப் புதுச் சட்டம், பிளைவுட் - 200.
அலாரங்கள், தீயணைப்பான் - 150.
பிரைமர், பெயிண்ட், பிரஷ் - 150.
தரை வினைல் - 100.
துணி, திரை - 100.
எல்.இ.டி. பல்பு - 50.
கைச்செலவு - 50.

ஆக மொத்தம் 1,000. கூலி இல்லை, எல்லாம் சொந்த உழைப்பு. டயர் வேறு கணக்கு. அது கணவரின் அடுத்த மாதச் சம்பளத்தில்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்கே பாதிக்கு மேல் பணம் போய்விட்டது. "அப்போ என் புதுக் குஷன்?" என்று மனைவி கேட்கத்தான் செய்வார்.

"உறை மட்டும் இப்போ தைச்சுக்கம்மா. குஷன் அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார் கணவர்.

அடுத்த மழையில் குழந்தையின் தலையணை நனையாமல் இருந்தால், அந்த 1,000 டாலரும் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.